கண்டாவளை மணிக்கூட்டுக்கு ஒரு அச்சு

எங்கட தொழிலில பத்து நாளில ஒன்பது நாள் சாமான் தேடுறம். மிச்ச ஒரு நாளில, தேடிக்கொண்டு வந்த சாமான் பிழையெண்டு கண்டுபிடிக்கிறம்.

நான் கிளிநொச்சிச் சந்தைப் பக்கத்தில மணிக்கூடு திருத்துறன். கடையெண்டு சொல்லுறது சும்மா ஒரு மரியாதைக்கு. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை, எனக்கொரு கதிரை, வாறவைக்கொரு கதிரை. பற்றரி மணிக்கூட்டில கரைச்சல் இல்லை. பற்றரியை மாத்தினா ஓடும், ஓடாட்டி எறியலாம். என்ர சீவனை வாங்கிறது உந்தச் சாவி குடுக்கிற பழைய மணிக்கூடுகள்தான். செய்த கொம்பனியே அந்த மொடலை மறந்து எத்தினையோ காலம். எங்கட சனம் மட்டும் விடமாட்டுதுகள்.

பழைய தண்ணிப் பம்புக்கு ஒரு வோஷர் தேடி வவுனியா மட்டும் பஸ் ஏறினவை, தையல் மெஷினுக்கு ஒரு ஸ்பிரிங் தேடி யாழ்ப்பாணம் போய் வெறுங்கையோட வந்தவை, நீங்கள்தான் இதை வாசிக்கவேணும். மற்ற ஆக்களுக்கு விளங்காது. "ஒரு சின்னச் சாமானுக்கோ இவ்வளவு பாடு?" எண்டு கேப்பினம். அப்பிடிக் கேக்கிற ஆக்களைக் கண்டா எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

கண்ணாடி இல்லாத மணிக்கூடு

பரமண்ணை கண்டாவளை ஆள். ஐம்பது வயசு தாண்டியிருக்கும். கடைசிச் சண்டையில ஷெல் துண்டு பட்டு இரண்டு கண்ணும் போச்சுது. கலியாணத்துக்கு எடுத்த சுவிஸ் கைமணிக்கூடு மட்டும் கையில மிஞ்சினது. கண் போன பிறகு அதை என்னட்டக் கொண்டு வந்து, "தம்பி, மேல் கண்ணாடியைக் கழட்டிவிடும்" எண்டார். கழட்டிவிட்டன். அண்டையில இருந்து விரல் நுனியால முள்ளுகளைத் தடவி நேரம் சொல்லுவார். கண்ணால பாத்துச் சொல்லுற ஆக்கள் இரண்டு நிமிசம் முன்னப் பின்னச் சொல்லுவினம், அவர் பிழைக்கமாட்டார். ஆனா மூடி இல்லாத மணிக்கூட்டுக்குள்ள தூசி, வேர்வை, வயல் புழுதி எல்லாம் போகும். அதால வருசத்துக்கு ஒருக்கா, சிறுபோகத்துக்கு முதல், கழுவி எண்ணெய் விட என்னட்ட வருவார்.

சிறுபோகத்துக்கு முதல் ஏனெண்டா, இரணைமடுக் குளத்துத் தண்ணியை அப்ப முறை வைச்சுத்தான் வயலுக்கு விடுவினம். இவருக்கு இத்தினை மணித்தியாலம், அவருக்கு இத்தினை மணித்தியாலம். முதல் வயல்காரன் கதவைப் பூட்ட மறப்பான், கடைசி வயல்காரன் மண்வெட்டியோட வருவான். வருசா வருசம் இதே சண்டை. பரமண்ணையின்ர வாய்க்கால்காரர் கூடி ஒரு முடிவெடுத்தினம். துருசடியில, அதுதான் வாய்க்கால் கதவடியில, பரமண்ணை கதிரை போட்டு இருக்கிறது. முறை முடிய அவர் குரல் குடுக்கவேணும், குரல் கேட்டவுடன தண்ணியை அடுத்த வயலுக்கு மாத்தவேணும். ஏழு வருசம் ஒரு சண்டை இல்லை. அவருக்கும் வீட்டில சும்மா இருக்கிற மனுசன் எண்ட பேர் போச்சுது. ஊரில எத்தினையோ பேர் இருக்க ஏன் இவரைப் பிடிச்சனீங்கள் எண்டு அந்த வாய்க்கால்காரர் ஒருத்தரிட்ட நான் ஒருக்காக் கேட்டன். அவர் சொன்னார்: "அவருக்கு ஆரின்ர பயிர் வாடுதெண்டு தெரியாது. அதுதான் எங்களுக்கு வேணும்."

ஒரு அழுத்து

போன பங்குனியில பரமண்ணை வழமை போல வந்தார். மணிக்கூடு நல்லா ஓடிக்கொண்டுதான் வந்தது. அதை வடிவாக் கவனிச்சுக்கொள்ளுங்கோ.

மணிக்கூட்டுக்குள்ள பலன்ஸ் எண்டு ஒரு சில்லு இருக்கு. இடமும் வலமுமா ஆடிக்கொண்டிருக்கும், அது நிண்டா எல்லாம் நிக்கும். அதின்ர நடுவில ஒரு அச்சு. அச்சின்ர நுனி தலைமயிரை விட மெல்லிசு. கழுவி எண்ணெய் விட்டுத் திருப்பிப் பூட்டேக்க அந்த நுனி தன்ர ஓட்டையில தானா வந்து இருக்கவேணும். அண்டைக்கு வந்து இருக்கேல்லை. இருபது வருசத்துக்கு மேல செய்யிற வேலை, இன்னும் ஒரு நிமிசம் பொறுத்திருந்தா இருந்திருக்கும். எனக்குக் காலமையில இருந்தே ஒரு விசர். மேல்தட்டை ஒரு அழுத்து அழுத்தினன். நுனி முறிஞ்சு போச்சு.

மனுசன் எனக்கு நேர முன்னால இருக்கிறார். என்ர வாய் தன்ரபாட்டில கதைச்சது: "அண்ணை, உள் அச்சு தேஞ்சு முறிஞ்சு கிடக்கு. பழைய மணிக்கூடெல்லோ. வேற அச்சு எடுத்துப் போட்டுத் தாறன்." சுத்தப் பொய். சித்திரை வருசப்பிறப்பு முடியத்தான் தண்ணி திறப்பினம், அதுக்குள்ள ஒரு அச்சு எடுத்துப் பூட்டிவிட்டா ஒருதருக்கும் ஒண்டும் தெரியவராது எண்டு மனசுக்குள்ள கணக்குப் போட்டன். பரமண்ணை சொன்னார்: "வீட்டால வெளிக்கிடேக்க ஓடினது தம்பி."

நேரம் சொல்லுற போன்

அடுத்த கிழமை அவற்ர மனுசி மலரக்கா சந்தைக்கு வந்தவா கடையையும் எட்டிப் பாத்தா. அச்சு இன்னும் கிடைக்கேல்லை. கையைப் பிசைஞ்சுகொண்டு, "அக்கா, இப்ப போன் நேரம் சொல்லுமெல்லோ, கொஞ்ச நாளைக்கு அதை வைச்சுச் சமாளிக்கலாமே" எண்டு கேட்டன். என்ர பிழையை மறைக்க என்னவெல்லாம் கதைக்கவேண்டிக் கிடக்கு பாத்தீங்களோ. மலரக்கா சொன்னா: "அது சொல்லும் தம்பி. ஆனா அவர் நேரம் கேட்டவர் எண்டு அயலட்டைக்கும் சேத்தெல்லோ சொல்லுது. இரண்டு நாள் வைச்சிருந்திட்டு அலுமாரிக்குள்ள போட்டிட்டார்."

வவுனியா

வவுனியாவில மணிக்கூட்டுச் சாமான் மொத்தமா விக்கிற கடை ஒண்டு இருக்கு. காலமை பஸ் ஏறிப் போய், முறிஞ்ச அச்சைப் பஞ்சில சுத்திக் கொண்டு போய்க் காட்டினன். முதலாளி அதைப் பாக்கக்கூட இல்லை. லாச்சியை இழுத்துப் பற்றரி மெஷின் ஒரு பிடி அள்ளி மேசையில வைச்சார். ஊர்ப்பட்ட மெஷின். எல்லாம் பிளாஸ்ரிக். "இதில ஒண்டை உள்ளுக்க போட்டு விடுங்கோ, சோலி முடிஞ்சுது" எண்டார்.

நான் பொறுமையா விளங்கப்படுத்தினன். அந்த மெஷினில முள்ளு சும்மா ஒட்டிக்கொண்டு நிக்கும். அவர் ஒரு நாளைக்கு ஐம்பது தரம் விரல் வைச்சுத் தடவிற ஆள், மூண்டாம் நாள் முள்ளு கழண்டு விழும். பழைய மணிக்கூட்டு முள்ளுதான் விரலுக்குத் தாங்கும். ஐயா, அவருக்குக் கண் தெரியாது எண்டும் சொன்னன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. முதலாளி சிரிச்சுக்கொண்டு சொன்னார்: "கண் தெரியாத ஆளுக்கு உள்ளுக்க என்ன மெஷின் ஓடுதெண்டு எப்பிடி அண்ணை தெரியப்போகுது?"

ஹாஜியாற்ர பேணி

முல்லைத்தீவில ஒரு ஹாஜியார் பலசரக்குக் கடை வைச்சிருக்கிறார். அவற்ர வாப்பா அந்த நாளையில மணிக்கூடு திருத்தினவராம், அவர் சேத்து வைச்ச சாமான் ஒரு பிஸ்கற் தகரப் பேணி நிறைய இருக்காம் எண்டு கேள்விப்பட்டு ஓடினன். தொண்ணூறில முஸ்லிம் ஆக்களை வடக்கை விட்டு வெளிக்கிடச் சொல்லேக்க புத்தளம் போய், எத்தினையோ வருசம் அங்க இருந்து, திரும்பி வந்த குடும்பம். இவ்வளவுக்கும் பேணியை விடேல்லை. திறந்து காட்டினார். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. குட்டிக் குட்டிக் கடதாசிப் பொட்டலம் நூற்றுக்கணக்கில. ஒவ்வொண்டிலயும் வடிவா ஒரு இலக்கம்.

இலக்கம் கிடக்குது, ஆனா எந்த மணிக்கூட்டுக்கு எண்டு ஒரு சொல் இல்லை. பதினேழு எண்டா என்ன, நாப்பத்திரண்டு எண்டா என்ன? அந்த மனுசன் தனக்கு மட்டும் விளங்கிற மாதிரி போட்ட இலக்கம். வெறும் கண்ணால தேடி, கிட்டத்தட்ட என்ர அச்சுப் போல இருந்த ஏழு அச்சைப் பொறுக்கினன். ஒண்டும் அச்சொட்டாப் பொருந்தாது எண்டு அங்கயே தெரியும். ஹாஜியார் காசு வேண்டாமெண்டு தந்துவிட்டார். இலக்கத்துக்கு விளக்கம் எழுதின கொப்பி ஒண்டு இருந்திருக்குமே ஹாஜியார் எண்டு கேட்டன். அவர் பேணியை மூடிக்கொண்டு சொன்னார்: "இருந்தது தம்பி. வெளிக்கிடச் சொன்ன அவதியில பேணியைத் தூக்கினம், கொப்பியை விட்டிட்டம்."

அரிசி

என்ர மனுசியின்ர தம்பி கனடாவில இருக்கிறான். அங்க இன்ரநெற்றில தேடினா உலகத்தில உள்ள எல்லாப் பழைய சாமானும் கிடைக்கும் எண்டான். சித்திரை வருசத்துக்கு ஊருக்கு வாற ஆள் ஒருவரிட்டக் குடுத்துவிடலாம் எண்டும் சொன்னான். முறிஞ்ச அச்சைப் படம் எடுத்து அனுப்பினன். எவ்வளவு பெரிசெண்டு விளங்கவேணுமெல்லோ, அதுக்காகப் பக்கத்தில ஒரு அரிசியையும் வைச்சுப் படம் எடுத்தன். குசினியில மனுசி சுளகில வைச்சுப் புடைச்சுக்கொண்டிருந்த எங்கட குத்தரிசி. அரிசியை விட அச்சு ஒரு இம்மி கட்டை. அளவையும் கீழ எழுதி அனுப்பினன்தான், ஆனா அவன் எங்க அதை வாசிச்சான்.

சாமான் பத்திரமா வந்து சேந்தது. பிரிச்சுப் பாத்தா, அச்சு அரைப் பங்கு நீளம் கூட. எந்தப் பக்கம் பிடிச்சாலும் மணிக்கூட்டுக்குள்ள அடங்காது. தண்ணி திறக்க நாலு நாள்தான் கிடக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு போனெடுத்து வாயில வந்தபடி ஏசினன். அவன் தன்ர வீட்டுக் குசினியில ஒரு அரிசியை எடுத்து வைச்சு, அந்த அளவுக்குத்தானாம் பாத்து எடுத்தவன். என்ன அரிசியடா எண்டு கேட்டன். பாஸ்மதியாம். அவன் என்னைத் திருப்பி ஏசினான்: "அரிசி வைச்சுப் படம் அனுப்பிறனீங்கள் என்ன அரிசியெண்டு சொல்லவேணுமெல்லோ அத்தான்! இஞ்ச ஆர் குத்தரிசி சாப்பிடினம்?"

கல்லில தேச்சது

வேற வழி இல்லை. ஹாஜியார் தந்த ஏழில ஒவ்வொண்டா எடுத்து, எண்ணெய்க்கல்லில வைச்சு, மூச்சுப் பிடிச்சுத் தேச்சன். இப்பிடிச் செய்யக் கூடாது எண்டு எனக்குத் தெரியும். வேற மணிக்கூட்டின்ர அச்சு, வேற பாரம். நாலு அச்சு முறிஞ்சுது, ஐஞ்சாவது பொருந்தி இருந்தது. மணிக்கூடு ஓடினது. கடவுளே எண்டு கும்பிட்டு, மேசையில வைச்சு இரண்டு மணித்தியாலம் பாத்தன். ஒரு நிமிசமும் பிசகேல்லை.

நான் விட்ட பிழை அதுதான். மேசையில மல்லாக்கக் கிடக்கேக்க ஒழுங்கா ஓடிற மணிக்கூடு, கையில கட்டி நிமிர்ந்து நிக்கேக்க வேற மாதிரி ஓடும். தொழில் பழகிற ஆளுக்கு முதல் கிழமையே சொல்லிக் குடுக்கிற விசயம். அவதியில அதை மறந்தனோ, மறந்த மாதிரி இருந்தனோ, இப்பவும் எனக்குத் தெரியாது. தண்ணி திறக்கிறதுக்கு முதல் நாள் பரமண்ணை வந்து மணிக்கூட்டைக் காதில வைச்சுக் கன நேரம் கேட்டார். சத்தம் கொஞ்சம் அவசரப்படுது எண்டார். புதுச் சாமான் அண்ணை, போகப் போகப் பழகும் எண்டு சொன்னன். அவர் அதைக் கையில கட்டிக்கொண்டு கேட்டார்: "மணிக்கூடோ தம்பி எங்களுக்குப் பழகிறது, நாங்களெல்லோ அதுக்குப் பழகிறது?"

துருசடி

தண்ணி திறந்த முதல் நாள், முதல் முறை. நவம் எண்டு ஒரு கமக்காரனுக்கு ஆறு மணித்தியால முறை. பரமண்ணை குரல் குடுத்தார், தண்ணியை அடுத்த வயலுக்கு மாத்திச்சினம். நவம் தன்ர போனை எடுத்துப் பாத்தான். முக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்டக் குறையுது. மணித்தியாலத்துக்கு ஏழு நிமிசம் முந்தி ஓடியிருக்கு நான் தேச்சுப் போட்ட அச்சு.

வயல் காய்ஞ்சு கிடக்கிற மனுசனுக்கு அந்த நேரம் மணிக்கூடு பிழையெண்டு யோசிக்க வருமோ? அடுத்த வயல்காரனிட்டக் கையூட்டு வாங்கித்தான் முந்திக் குரல் குடுத்தவர் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டான். ஏழு வருசம் பக்கம் சாயாமல் இருந்தார் எண்டுதான் அந்த மனுசனுக்கு அங்க ஒரு கதிரை. பரமண்ணை கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு, வாய்க்கால் வரம்பால தட்டுத் தடுமாறி வீட்டை போனாராம். மலரக்கா மணிக்கூட்டைச் சீலைத் தலைப்பில முடிஞ்சுகொண்டு வந்து என்ர மேசையில வைச்சா. அந்த நேரம் நான் சொல்லியிருக்கவேணும். அவா சொன்னா: "கள்ளன் எண்டு சொல்லிப்போட்டாங்கள் தம்பி. அவருக்கு ஒரு வாய் சோறு இறங்கேல்லை. எப்பிடியாவது இதைச் சரிப்படுத்தித் தாங்கோ."

கொக்கிளாய்

ஹாஜியார்தான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். கொக்கிளாயில அன்ரன் எண்டு ஒரு கடற்றொழிலாளி, அவரிட்ட அதே மணிக்கூடு, அதே மொடல் இருக்காம். சாப்பிடாமல் கொள்ளாமல் மோட்டச்சைக்கிளில ஓடினன். அன்ரன் தன்ர வாடிக் கொட்டிலுக்குள்ள இருந்து ஒரு போத்தலை எடுத்து வந்து கவிட்டார். மணிக்கூடு வந்து விழுந்தது. முகப்பு முழுக்க உப்பும் துருவும், முள்ளு இருந்த இடமே தெரியேல்லை. பயந்து பயந்து பின்மூடியைத் திருகினன். அது இறுகிக் கிடந்ததால உள்ளுக்க ஈரம் போகேல்லை. பலன்ஸ் சில்லு, அச்சு, எல்லாம் மினுங்கிக்கொண்டு கிடக்குது.

அன்ரன் ஆசையோட கேட்டார், இதை ஓட வைக்கலாமோ எண்டு. ஓம், பாப்பம், தாங்கோ எண்டு சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆருக்கும் தெரியாது. ஆனா அந்தப் பங்குனியில இருந்து நான் சொன்ன பொய் எனக்குப் போதும் போதுமெண்டு இருந்தது. இது இனி ஓடாது அண்ணை, ஆனா இதுக்குள்ள இருக்கிற ஒரு சாமானால இன்னொரு மனுசன்ர மணிக்கூடு ஓடும் எண்டு சொன்னன். அவர் கடலைக் காட்டிச் சொன்னார்: "வெளியில உள்ளதைக் கடல் திண்டிட்டுது, உள்ளுக்க மிஞ்சினதை நீர் கொண்டு போம்."

செயலாளர் வீடு

இந்தமுறை நாலு நாள் பாத்தன். மேசையில, பக்கற்றுக்குள்ள, கையில, வெயிலில. குளிக்கேக்க மட்டும் கழட்டினன். நாலு நாளில அரை நிமிசம்தான் வித்தியாசம். கண்டாவளைக்குக் கொண்டு போனன். போற வழியில வாய்க்கால்காரற்ர செயலாளர் வீட்டில இறங்கி, மணிக்கூட்டை முறிச்சதும் நான், பிழையான அச்சைப் போட்டதும் நான், பரமண்ணையில ஒரு குற்றமும் இல்லை எண்டு ஒரு மூச்சில சொல்லி முடிச்சன். என்னை அடிச்சாலும் காரியமில்லை எண்டுதான் போனனான்.

அவர் அடிக்கேல்லை, ஏசக்கூட இல்லை. தேத்தண்ணி தந்தார். நவத்திட்டத் தானே போய்ச் சொல்லுறன் எண்டார். பரமண்ணை திரும்பத் துருசடிக்கு வரலாமெல்லோ எண்டு கேட்டன். அவர் வெளியில கையைக் காட்டினார். துருசுக் கட்டையில ஒரு போனைப் பொலித்தீன் பையில போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கினம். முறை முடிய அது ஒரு சினிமாப் பாட்டுப் படிக்குமாம். "நல்ல மனுசன்தான் அண்ணை, ஆனா அந்தப் பாட்டோட ஒருதரும் சண்டை பிடிக்கினம் இல்லையே."

பரமண்ணை

பரமண்ணை வேப்பமரத்துக்குக் கீழ இருந்து கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். என்ர சத்தம் கேட்டவுடன கையைச் சாறத்தில துடைச்சுப்போட்டு நீட்டினார். மணிக்கூட்டைக் காதில வைச்சார். முள்ளைத் தடவினார். முகம் ஒருக்கா மலர்ந்தது. இப்ப சரி எண்டார். அந்த நேரம் பாத்து வாய்க்கால் பக்கம் அந்தச் சினிமாப் பாட்டு எழும்பினது. அவர் விரலை முள்ளில வைச்சபடி பாட்டு முடியுமட்டும் இருந்தார். பிறகு, சரியா இரண்டு மணி எண்டார்.

என்னால தாங்கேலாமல் போச்சு. கதிரையில இருக்காமலே நிண்டபடி எல்லாத்தையும் கொட்டினன். அச்சு தேயேல்லை அண்ணை, நான்தான் முறிச்சனான், பங்குனியில சொன்னது பொய், உங்களைக் கள்ளன் எண்டு கேக்க வைச்சதும் நான்தான். அழுதன் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. குசினி வாசலில மலரக்கா அகப்பையோட அப்பிடியே நிண்டா. பரமண்ணை மணிக்கூட்டைக் கையில கட்டி, அடுத்த ஓலையை எடுத்து மடிச்சுக்கொண்டு சொன்னார்: "தெரியும் தம்பி. ஓடிக்கொண்டு வந்த மணிக்கூடு உம்மட மேசையில நிண்டா வேற ஆர் முறிச்சது? இந்தப் பக்கத்தில சாவி மணிக்கூடு பாக்கிறது நீர் ஒராள்தான். உம்மோட கோவிச்சுக்கொண்டு நான் ஆரிட்டப் போறது?"

தேடுற சாமான் என்ர தொழிலில கட்டாயம் கிடைக்கும், ஆனா அது தேவைப்பட்ட நாளுக்குப் பிந்தித்தான் கிடைக்கும். நான் தொட்டதில ஒருக்காலும் பிசகாமல் ஓடுறது இந்தக் கணக்கு ஒண்டுதான்.